கல், நீறு, மறுபடியும் கல்

கரம்பொன்னிலோ ஊர்காவற்றுறையிலோ பழைய மதில் ஒன்று இடிஞ்சு கிடந்தால், கிட்டப் போய்ப் பாருங்கோ. கல்லின் முகத்தில் பூப்போல, தேன்கூடு போல அடையாளங்கள் இருக்கும். எந்தச் சிற்பியும் செதுக்கியதல்ல. கடலுக்குள் வாழ்ந்த சின்னஞ்சிறு உயிர்கள் தங்களுக்காகக் கட்டிய கூடு அது. நாங்கள் முருகைக்கல் என்று சொல்வது இதைத்தான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவகத்திலும் கருங்கல் மலை கிடையாது. மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். கோயிலுக்குக் கருங்கல் விக்கிரகம் வேண்டுமென்றால் கல் வெளியிலிருந்துதான் வரவேண்டும். வெளியிலிருந்து பொருள் வருவது எங்கட தீவுகளுக்குப் புதிதுமல்ல. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பரதேசி வணிகருக்குப் பாதுகாப்புச் சொல்கிறது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, மிச்சம் உடையவனுக்கு. வேறு சரக்கென்றால் பாதிக்குப் பாதி. அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை.

வீட்டுக்கும் மதிலுக்கும் மட்டும் தூரம் போகத் தேவையிருக்கவில்லை. கைக்கெட்டிய கல் முருகைக்கல். நெடுந்தீவுக் கோட்டை அதனால் கட்டப்பட்டது. அங்கே வளவுகளைச் சுற்றியிருக்கும் மதில்களோ சாந்தே இல்லாமல் அடுக்கியவை.

அடுக்க மட்டுமல்ல, சுடவும் இந்தக் கல் உதவியது. சூளையில் 900 பாகை அளவுக்குச் சுட்டால் கல்லிலிருந்து காபனீரொட்சைட்டு வெளியேறும், மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. தண்ணி விட்டால் கொதித்து நீறும். மணலோடு குழைத்தால் கொத்தனுக்கு அது சாந்து, சிற்பிக்குக் கோபுரத்துப் பொம்மை செய்யும் சுதை. பூசிய பிறகு, இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல உறிஞ்சி, அது பழையபடி கல்லாகிறது. கடலில் தொடங்கியது நெருப்பையும் தண்ணியையும் காற்றையும் தாண்டித்தான் சுவரில் வந்து நிற்கிறது.

ஆனால் முருகைப் பாறைதான் கரைக்கு அலையிலிருந்து காவல், மீனுக்கு வீடு. அதை உடைத்துக்கொண்டே போனால் கரையும் தொழிலும் சேர்ந்து போகும். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1988இல் திருத்தப்பட்டு, கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது தடைசெய்யப்பட்டது. சரியான முடிவு. அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: இன்று நிற்கும் முருகைக்கல் மதில்களுக்கு மாற்றுக் கல் இனி வராது.

1990களின் தொடக்கத்தில் தீவகச் சனம் பெருமளவில் இடம்பெயர்ந்தது. கூரையில்லாமல் நின்ற வீடுகளில் பல திருத்தப்படாமலே இடிகின்றன. திரும்பி வருகிறவர்கள் பழைய கல்லை அள்ளிப் பள்ளம் நிரப்பிவிட்டு, சீமெந்துக் கல் வைத்துக் கட்டுகிறார்கள். செலவும் அவசரமும் எங்களுக்கு விளங்கும். ஆனாலும் கல்லை எறியாமல் ஒரு மூலையில் அடுக்கி வைக்கலாம். நிற்கிற சுவருக்குச் சீமெந்து பூசாமல் விடலாம். சீமெந்து ஈரத்தையும் உப்பையும் உள்ளே அடைத்துவைக்கும், சுவர் உள்ளுக்குள்ளேயே உதிரும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து. அதற்குக் கடலை உடைக்கத் தேவையில்லை, சிப்பியைச் சுட்டாலும் சுண்ணாம்பு கிடைக்கும். அந்த வேலை தெரிந்த கொத்தனார் உங்கட ஊரில் இன்னும் இருந்தால், அவரிடம் இப்பவே போய்க் கேட்டுப் பழகுங்கோ.