ஏடு கேட்டவரும் ஏடு கொடாதவரும்

சுன்னாகம் சந்தையிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது ஏழாலை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832 – 1901) அவ்வூரில் ஒரு பாடசாலையை நிறுவினார். சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் அங்கே ஆசிரியராக இருந்து கற்பித்தார். எங்கள் பகுதியில் தமிழ் படிக்கப் புகுந்தவர்களின் காதில் இவ்விரு பெயர்களும் சிறுவயதிலேயே விழுந்துவிடும். பதிப்புத்துறையின் முன்னோடி என்றே பிள்ளையவர்களை நானும் அறிந்திருந்தேன். தம்மினும் இளைய ஓர் அறிஞருக்கு அவர் தர்மசங்கடமாகவும் விளங்கினார் என்பதைப் பிற்காலத்திலேதான் அறிந்தேன்.

அந்த இளையவர் உ. வே. சாமிநாதையர். பிள்ளையவர்களைவிட இருபத்திரண்டு வயது குறைந்தவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அதே ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். ஏடுகளைத் தேடிப் பெற்று, பிரதிக்குப் பிரதி ஒப்புநோக்கி, சமண நண்பர்களிடம் ஐயம் தெளிந்து, ஆண்டுக்கணக்கில் உழைத்தார்.

வழக்கறிஞராகக் கும்பகோணத்துக்கு வந்த தாமோதரம்பிள்ளை அந்தச் சிந்தாமணிப் பிரதியைத் தாம் பதிப்பிக்கத் தருமாறு கேட்டார். கேட்டவர் சாதாரணமானவர் அல்லர். சேனாவரையம், வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம் ஆகியவற்றை அச்சிற் கொணர்ந்தவர். பல்கலைக்கழகப் பட்டமும் பதவியும் பெற்றவர். ஐயரோ அதுவரை பெரிய நூலொன்றையும் பதிப்பித்திராதவர். ஏட்டுக்கு ஏது பதிப்புரிமை? முதலில் அச்சேற்றியவருக்கே பெயர்.

ஐயர் இசையவில்லை. தாமே பதிப்பிக்கும் எண்ணத்தைத் தெரிவித்தார். 1887இல் சிந்தாமணி அவர் பெயரில் வெளிவந்தது. அதே ஆண்டில் தாமோதரம்பிள்ளை கலித்தொகையை வெளியிட்டார். ஒருவர் மறுத்ததனால் மற்றவர் ஓய்ந்துவிடவில்லை. தமிழுக்கு இரண்டு நூல்கள் கிடைத்தன. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின் 'என் சரித்திர'த்தில் இதனை எழுதிய ஐயர், தம் சங்கடத்தை மறைக்கவில்லை. பிள்ளையவர்களின் தமிழ்த் தொண்டையும் குறைத்துக் கூறவில்லை.

இதனை வாசித்தபோது எனக்கு ஒரு பழைய வெட்கம் நினைவுக்கு வந்தது. நான் உதவி ஆசிரியராக இருந்த ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஒரு கட்டுரைக்காகப் பல மாதங்களாக நான் திரட்டிய குறிப்புகளைத் தம்மிடம் தருமாறு அவர் கேட்டார். மறுத்தேன். அது தவறன்று. ஆனால் எல்லோர் முன்னிலையிலும், "உங்களுக்குச் சொந்தமாக எழுதத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். அதன்பின் பதினொரு ஆண்டுகள் அருகருகே அமர்ந்து வேலை செய்தோம். பேச்சு வார்த்தை இல்லை. தலைப்புத் திருத்தங்களைக்கூட ஒப்புநோக்குநர் மூலமாகவே சொல்லியனுப்பினோம்.

அந்தக் கட்டுரை வெளிவந்தது; இன்று அது எவருக்கும் நினைவில்லை. அவரிடமிருந்து நான் கற்றிருக்கக்கூடியவை பல. பழைய சட்டசபை விவாதங்களைத் தேதியோடு சொல்லக்கூடிய மனிதர் அவர். அவர் இறந்த செய்தியைப் பத்திரிகைக்கு எழுதும் பொறுப்பு என்னிடமே வந்தது. எழுத உட்கார்ந்தபோதுதான், அவருடைய ஊர்கூட எனக்குத் தெரியாது என்பதை உணர்ந்தேன்.

ஏட்டைக் கொடாதிருக்க ஐயருக்கு உரிமை இருந்தது. என் குறிப்புகளைக் கொடாதிருக்க எனக்கும் இருந்தது. அவர் ஏட்டை மட்டுமே மறுத்தார். நான் மனிதரையும் சேர்த்து மறுத்துவிட்டேன்.