கிரான் கனாரியா: நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்த பாடம்



இன்று என் பழைய தப்பு ஒன்றைத் திருத்த வேண்டும்.

கொலம்பஸ் பாடம் நினைவிருக்கிறதா? 1492 ஆகஸ்டில் ஸ்பெயினிலிருந்து புறப்பட்டவர், வழியில் கனாரித் தீவுகளில் தங்கினார். பின்டா கப்பலின் சுக்கானை கிரான் கனாரியா தீவில் பழுது பார்த்தார்கள். செப்டம்பர் 6-ஆம் தேதி லா கோமேரா தீவிலிருந்து மேற்கே கிளம்பினார். இதுவரை சரி. கூடவே, "கிரான் என்றால் பெரிய. அந்தக் கூட்டத்திலேயே பெரிய தீவு இதுதான்" என்றும் வருடா வருடம் சொல்லி வந்தேன்.

ஒருமுறை ஒரு மாணவன் எழுந்து, "சார், அட்லஸில் பக்கத்துத் தீவுதான் பெரிசாத் தெரியுது" என்றான். "பெயரிலேயே இருக்கே, உட்காருடா" என்று அதட்டிவிட்டேன்.

இப்போது என் பேத்தி கல்லூரியில் ஸ்பானிஷ் படிக்கிறாள். போன வாரம் அவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "தாத்தா, தப்பு உங்க பேர்லதான்" என்று சிரித்துவிட்டு விளக்கினாள்.

'கிராண்டே' என்ற பெயரடை, ஒருமைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் 'கிரான்' என்று குறுகிவிடும். ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் இதே விதிதான். மாட்ரிட் நகரில் 1910-இல் வேலை தொடங்கிய 'கிரான் வியா' சாலையில் 'வியா' பெண்பால் சொல். பன்மையில் குறுகாது, 'கிராண்டேஸ்' ஆகும். நம் 'பெருமை' என்ற சொல் பெருநகர் என்றும் பேரூர் என்றும் மாறுவதைப் பண்புப்பெயர்ப் புணர்ச்சியில் படித்தீர்களே, கிட்டத்தட்ட அது மாதிரி.

ஆனால் அங்கே இடம் மாறினால் பொருளும் மாறும். 'ஓம்ப்ரே கிராண்டே' என்றால் ஆள் உருவத்தில் பெரியவர். 'கிரான் ஓம்ப்ரே' என்றால் மாமனிதர். பின்னால் வந்தால் பெரும்பாலும் அளவைச் சொல்லும். முன்னால் வந்தால் பெரும்பாலும் சிறப்பைச் சொல்லும்.

1848 ஒப்பந்தப்படி அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் எல்லையான ஆறு 'ரியோ கிராண்டே'. அங்கே சொல் பின்னால் வருகிறது. பெரிய ஆறு என்று பொருள். கிரான் கனாரியாவில் சொல் முன்னால் நிற்கிறது. பரப்பில் முதலிடம் டெனெரிஃபே தீவுக்கு, இரண்டாவது ஃபுயெர்டேவென்டுரா, மூன்றாவதுதான் கிரான் கனாரியா.

பிறகு ஏன் 'கிரான்'? 1478-இல் காஸ்டில் நாட்டுப் படை அங்கே இறங்கியது. தீவை முழுதாகப் பிடிக்க 1483 வரை ஆனது. அப்படி எதிர்த்து நின்ற மக்களின் வீரத்தால்தான் அந்த அடைமொழி வந்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். நானோ அந்த மக்களைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. கப்பல் வந்து போன கதையை மட்டுமே சொன்னேன்.

அன்று எழுந்து கேட்ட தம்பி, இதைப் படித்தால் சொல்கிறேன்: நீ வரைபடத்தைப் பார்த்துப் பேசினாய், நான் பெயரைப் பார்த்துப் பேசினேன். உன் பக்கம்தான் சரி. வாத்தியாரை மன்னித்துவிடு.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை அட்லஸைக் காட்டிக் கேட்டால், முதலில் அட்லஸைத் திறந்து பாருங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.