மே 20 வரை

ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் ஒரு வரைவுத் தீர்மானத்தைப் பற்றிய பேரமெல்லாம் முடிந்து அது ஓட்டெடுப்புக்குத் தயாராகிவிட்டால், அதை நீல மையில் அச்சடிப்பது நெடுநாள் வழக்கம். பதினைந்து உறுப்பு நாடுகளில் ஒன்பது நாடுகளாவது கைதூக்க வேண்டும். நிரந்தர உறுப்பு நாடுகள் ஐந்தில் ஒன்றுகூட எதிர்த்துக் கைதூக்கக் கூடாது. எண்ணி முடித்ததும் தாளுக்கு ஓர் எண் கிடைத்துவிடும். அதை நம்பித்தான் நாடுகள் பட்டாளம் அனுப்புகின்றன, ஹெலிகாப்டர்கள் வாடகைக்குப் பேசப்படுகின்றன. எங்கோ ஒரு மலைக்கிராமத்துக் காவல்நிலையத்தில் அடுத்த மாதமும் வெளிநாட்டு போலீஸ்காரர் இருப்பாரா, மாட்டாரா என்பதும் அதில்தான் முடிவாகிறது.

கிழக்குத் திமோருக்காக எழுதப்பட்ட ஆணை 1999 ஜூனில் பிறந்தது, 2012 டிசம்பர் 31 அன்று முடிந்தது. இடையில் பெயர் மாறியது, எண் மாறியது, படையின் அளவு ஏறி இறங்கியது. ஒருமுறை ஏறக்குறைய உயிரே போய்த் திரும்பி வந்தது. தலைநகர் டிலியில் இருந்தவர்களுக்கு அதில் முக்கியமானது ஒரே ஒரு வரி: எந்தத் தேதி வரை? அந்தத் தேதியை யார் குறித்தார்கள், எதைப் பார்த்துக் குறித்தார்கள் என்பதுதான் இந்த ஆணையின் கதை.

திமோர் தீவின் கிழக்குப் பாதி போர்ச்சுகலின் காலனியாக இருந்தது. 1975 நவம்பர் 28 அன்று விடுதலையை அறிவித்த நாடு, டிசம்பர் 7 அன்று இந்தோனேசியப் படையெடுப்பில் விழுந்தது. பிறகு இருபத்து நான்கு ஆண்டு ஆக்கிரமிப்பு. இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ வீழ்ந்தபின் பதவிக்கு வந்த ஹபீபி, சேர்ந்திருப்பதா பிரிவதா என்று திமோர் மக்களிடமே கேட்டுவிடலாம் என்று ஒப்புக்கொண்டார். 1999 மே 5 அன்று அதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. வாக்கெடுப்பை நடத்த ஜூன் 11 அன்று தீர்மானம் 1246 நிறைவேறியது. 280 போலீஸ் ஆலோசகர்கள், 50 ராணுவத் தொடர்பு அதிகாரிகள். யாரிடமும் ஆயுதம் கிடையாது. பாதுகாப்புப் பொறுப்பு இந்தோனேசியாவிடமே விடப்பட்டது.

முதல் தாளில் எழுதிய கெடு ஆகஸ்ட் 31. வாக்கெடுப்பு தள்ளிப்போனதால் ஆகஸ்ட் 3 அன்று கெடுவை செப்டம்பர் 30-க்கு மாற்றினார்கள். ஆகஸ்ட் 27 அன்று மறுபடி நவம்பர் 30-க்கு மாற்றினார்கள். பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, இரண்டு நீட்டிப்பு. ஆகஸ்ட் 30 அன்று வாக்காளர்களில் 98 சதவீதத்துக்கு மேல் வந்து ஓட்டுப் போட்டார்கள். 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவோடு இருக்க மறுத்தார்கள். முடிவு வெளிவந்ததும் இந்தோனேசிய ராணுவத்தின் ஆதரவு பெற்ற ஆயுதக் கும்பல்கள் ஊர் ஊராகக் கொளுத்தின. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். கட்டடங்களில் பெரும்பகுதி எரிந்தது. ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் எல்லை தாண்டி மேற்குத் திமோருக்குப் போனார்கள், அல்லது விரட்டப்பட்டார்கள். டிலியின் ஐ.நா. வளாகத்துக்குள் சுமார் 1,500 பேர் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு வெளியேறு என்றபோது ஐ.நா. ஊழியர்கள் பலர் மறுத்தார்கள். தஞ்சம் புகுந்தவர்களையும் டார்வினுக்கு விமானத்தில் கொண்டுபோன பிறகே வளாகம் காலியானது. அந்த ஆணையில் எழுதப்படாத ஒரு காரியத்தை அந்த ஊழியர்கள் செய்தார்கள். இந்தப் பதின்மூன்று ஆண்டுக் கதையில் நான் மிகவும் மதிக்கும் இடம் அது.

செப்டம்பர் 15-இன் தீர்மானம் 1264 ஆயுதத்தோடு வந்தது. ஆஸ்திரேலியாவின் பீட்டர் காஸ்குரோவ் தலைமையில் பன்னாட்டுப் படை 20-ஆம் தேதி இறங்கியது. அக்டோபரில் வந்த 1272, நாட்டை ஆளும் பொறுப்பையே ஐ.நா.விடம் கொடுத்தது. சட்டம் இயற்றவும் நீதிமன்றம் அமைக்கவும் அந்த ஐ.நா. நிர்வாகத்தின் தலைவர், பிரேசில்காரரான செர்ஜியோ வியெய்ரா டி மெல்லோவுக்கு அதிகாரம் இருந்தது. ஒரு நாட்டின் அரசையே அடித்தளத்திலிருந்து எழுப்பும் இந்த வேலைக்கும் இரண்டு முறை நீட்டிப்பு தேவைப்பட்டது. இரண்டாவது நீட்டிப்பு 2002 மே 20 வரை. அன்றுதான் விடுதலை நாள். முந்தைய நள்ளிரவில் டிலியை ஒட்டிய தாசி தோலுவில் கொடி ஏறியது, ஷனானா குஸ்மாவோ குடியரசுத் தலைவரானார், ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் அருகே நின்றார்.

அதற்கு மூன்று நாள் முன்பே அடுத்த ஆணை தயார். மே 17-இன் தீர்மானம் 1410: 5,000 படையினர், 1,250 போலீசார், முதலில் பன்னிரண்டு மாதம். இரண்டு ஆண்டுக்குள் எல்லாப் பொறுப்பும் திமோர் கைக்குப் போய்விட வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. நாடு இன்னும் பிறக்கவில்லை. அதன் போலீசில் பெரும்பாலோருக்கு மூன்று மாத அடிப்படைப் பயிற்சிதான். கெரில்லாக்களாகக் காட்டில் இருந்தவர்களை வைத்து அமைத்த ராணுவத்துக்கு வயது ஒன்று. இரண்டு ஆண்டு என்ற கணக்கு எதைப் பார்த்து வந்தது? திமோரின் நிலைமையைப் பார்த்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஏழே மாதத்தில் அது தெரிந்துவிட்டது. 2002 டிசம்பர் 4 அன்று டிலியில் கலவரம். பிரதமர் மாரி அல்கத்திரியின் வீடு எரிந்தது, உயிர்கள் போயின. ஜனவரியில் எர்மேரா மாவட்டத்து கிராமங்களில் ஆயுதம் ஏந்தியவர்கள் ஆட்களைக் கொன்றார்கள். அப்போது ஐ.நா. பணிக்குழுவின் தலைவர் இந்தியத் தூதரான கமலேஷ் சர்மா. ஆட்குறைப்பு வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று டிலியிலிருந்து போன கோரிக்கையை ஏற்று, 2003 ஏப்ரலில் கவுன்சில் 1473-ஐ நிறைவேற்றியது. மே மாதத்தில் இன்னோர் ஆண்டு நீட்டிப்பு, மறுபடி மே 20 வரை.

ஒரு நீட்டிப்பு எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. டிலியில் இருக்கும் அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகத் தகவல் திரட்டி எழுதுவார்கள். அது நியூயார்க்குக்குப் போய்ப் பொதுச் செயலாளரின் அறிக்கையாகும். இத்தனை படை, இத்தனை மாதம் என்று அவர் சிபாரிசு செய்வார். அக்கறையுள்ள சில நாடுகள் சேர்ந்து வரைவு எழுதும். அங்கேதான் எண்கள் தேயும். படை அனுப்பும் நாட்டுக்கு ஒரு கவலை, பணம் கட்டும் நாட்டுக்கு வேறு கவலை. அமைதிப்படைச் செலவு தனி விகிதத்தில் பங்கிடப்படுகிறது. அதில் நிரந்தர உறுப்பினர்கள் கூடுதலாகக் கட்ட வேண்டும். அமெரிக்காவின் பங்கு மட்டுமே கால்வாசிக்கு மேல். அதே பணிக்குழுவை அரசியல் அலுவலகமாக மாற்றிவிட்டால் செலவு வழக்கமான பட்ஜெட்டுக்குள் போய்விடும். அங்கே அமெரிக்காவின் பங்கு 22 சதவீதம், மொத்தத் தொகையும் மிகச் சிறியது. 2003-லும் 2004-லும் லைபீரியா, ஐவரி கோஸ்ட், புருண்டி, ஹைத்தி என்று புதிய அமைதிப்படைகள் வரிசையாகத் தொடங்கின. திமோரை ஒரு வெற்றிக் கதையாக முடித்துவைக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருந்தது. அந்த வெற்றியின் முகமாக இருந்த வியெய்ரா டி மெல்லோ 2003 ஆகஸ்டில் பாக்தாத் குண்டுவெடிப்பில் இறந்துபோனார்.

2004 மே மாதத் தீர்மானம் 1543 இந்த இழுபறியின் படம். எஞ்ச வேண்டியது ராணுவமா போலீசா என்று வாதாடி, கடைசியில் இரண்டிலும் கொஞ்சம் என்று முடிந்தது: 310 படையினர், 157 போலீஸ் ஆலோசகர்கள், 125 பேர் கொண்ட அவசரகாலப் பிரிவு, 58 சிவில் ஆலோசகர்கள். ஆறு மாதம், பிறகு இன்னும் ஆறு மாதம், அதோடு சரி.

2005 பிப்ரவரியில் அன்னான் மறுபடி கேட்டார்: அளவைக் குறைத்தாலும் பரவாயில்லை, இன்னும் ஓராண்டு வைத்திருப்போம். திமோர் அரசும் அதையே விரும்பியது. கவுன்சில் இணங்கவில்லை. ஏப்ரல் 28 அன்று நிறைவேறிய 1599, அமைதிப்படையை முடித்து ஒரு சிறிய அரசியல் அலுவலகத்தை வைத்தது. 45 சிவில் ஆலோசகர்கள், 40 போலீஸ் ஆலோசகர்கள், எல்லைக் காவல் பயிற்சிக்கு 35 பேர், மனித உரிமைக்குப் பத்துப் பேர். கெடு, மறுபடி மே 20 தான், 2006. ஐ.நா. படையின் கடைசி வீரர்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள்.

அந்தக் கெடு வருவதற்குள் நாடு உடைந்தது. மேற்கு மாவட்டக்காரர்களை ராணுவத்தில் பாரபட்சமாக நடத்துகிறார்கள் என்று மனுக் கொடுத்து முகாமைவிட்டு வெளியேறிய கிட்டத்தட்ட 600 வீரர்களை 2006 மார்ச்சில் பதவிநீக்கம் செய்தார்கள். ராணுவத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள். ஏப்ரல் 28 அன்று அவர்களின் போராட்டம் வன்முறையில் முடிந்தது. ராணுவமும் போலீசும் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும் நிலை வந்தது. உள்துறை அமைச்சர் ரொஜேரியோ லொபாட்டோ பொதுமக்களிடம் துப்பாக்கி விநியோகித்தார். பிறகு அதற்காகத் தண்டனையும் பெற்றார்.

மே 25 அன்று நடந்தது நினைக்கவே கூசுகிறது. டிலியில் போலீஸ் தலைமையகத்தை ராணுவத்தினர் முற்றுகையிட்டுச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஐ.நா. ஆலோசகர்கள் நடுவே போய்ப் பேசினார்கள். போலீசார் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு ஐ.நா. கொடியின் பின்னால் நடந்து வெளியேறலாம் என்று உடன்பாடு. அப்படியே நடந்து வந்தார்கள். நடுவீதியில் சில ராணுவத்தினர் சுட ஆரம்பித்தார்கள். கையில் ஒன்றுமில்லாத எட்டுப் போலீஸ்காரர்கள் செத்தார்கள், கூட நடந்த ஐ.நா. அதிகாரிகளுக்கும் காயம். கொடி பிடித்து நடந்தவர்களின் துணிச்சலில் குறை சொல்ல எதுவுமில்லை. அவர்கள் பின்னால் நிற்க ஒரு படைப்பிரிவு இல்லை. முன்பு இருந்த அந்த 310 படையினர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஓராண்டுக்கு முன் அவர்களை அனுப்பிவைத்த முடிவை இந்த எட்டு உயிர்களிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அந்தக் குளறுபடியில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வீடிழந்தார்கள். மாதாகோயில் வளாகங்களிலும் விமான நிலையத்தின் எதிரிலும் தார்ப்பாய்க் கூடாரங்கள் நிறைந்தன. மொத்த மக்கள்தொகையே சுமார் பத்து லட்சம்தான்.

திமோர் அரசு அழைக்க, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, போர்ச்சுகல் படைகள் வந்தன. ஜூனில் அல்கத்திரி பதவி விலகினார். நியூயார்க்கில் ஆணைக்கு மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. மே 20-இல் முடிய வேண்டியதை ஜூன் 20 வரை நீட்டினார்கள். பிறகு ஆகஸ்ட் 20 வரை. அப்போதும் முடிவு வரவில்லை. 350 ஐ.நா. வீரர்கள் வேண்டும் என்று அன்னான் கேட்க, படை தன் தலைமையிலேயே இருக்கட்டும் என்றது ஆஸ்திரேலியா. ஆகஸ்ட் 18 அன்று கவுன்சில் நிறைவேற்றிய நீட்டிப்பு ஐந்தே நாளுக்கு, ஆகஸ்ட் 25 வரை. கூடாரத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு இருந்த ஒருத்திக்கு அந்த ஐந்து நாள் என்ன நம்பிக்கை தந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

25-ஆம் தேதி 1704 நிறைவேறியது. 1,608 போலீசார், 34 ராணுவத் தொடர்பு அதிகாரிகள். படை ஆஸ்திரேலியத் தலைமையிலேயே நீடித்தது. அந்த நெருக்கடியில் அன்னான் திமோருக்கு அனுப்பிய சிறப்புத் தூதர் இயன் மார்ட்டின், 1999-இல் டிலி வளாகத்தில் முற்றுகையிடப்பட்ட அந்த ஐ.நா. பணிக்குழுவின் தலைவராக இருந்தவர். டிசம்பரில் புதிய பணிக்குழுவின் தலைவராக வந்த இந்தியர் அதுல் காரே, 2005 வரை பழைய அமைதிப்படையில் உயர்பொறுப்பில் இருந்தவர். முன்பு விட்டுப்போன வேலைக்கே இருவரும் திரும்பினார்கள்.

பிறகு வந்த நீட்டிப்புகள் பிப்ரவரி மாதத்தில் வந்தன, பெரும்பாலும் ஓராண்டு வீதம். 2008 பிப்ரவரி 11 அன்று குடியரசுத் தலைவர் ராமோஸ் ஹோர்த்தா தன் வீட்டருகே சுடப்பட்டு டார்வினுக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். கிளர்ச்சித் தலைவன் அல்ஃப்ரெடோ ரெய்னாடோ அங்கேயே கொல்லப்பட்டான். இரண்டு வாரத்தில் ஆணை நீட்டப்பட்டது, இம்முறை யாரும் தயங்கவில்லை. வீடிழந்தவர்களுக்கு அரசு 4,500 டாலர் வரை கொடுத்து, 2009-க்குள் முகாம்களை மூடியது. கடலடி எண்ணெய் வருமானம் வரத் தொடங்கியிருக்காவிட்டால் அது முடிந்திருக்காது.

போலீஸ் பொறுப்பை ஒப்படைத்த விதத்தில்தான் பழைய பாடம் கற்றது தெரிகிறது. நாடு முழுவதற்கும் ஒரே தேதி குறிக்கவில்லை. மாவட்டத்துக்கு மாவட்டம் பார்த்தார்கள். அங்கே நிலைமை எப்படி, போலீசாரில் 80 சதவீதமாவது தகுதிச் சான்று பெற்றவர்களா, வண்டியும் வயர்லெஸ் கருவியும் இருக்கிறதா, மேலதிகாரி சொல் எடுபடுகிறதா என்று பார்த்தே விட்டார்கள். 2009 மே 14 அன்று லௌத்தெம் முதலில். கடைசி ஒப்படைப்பு 2011 மார்ச் 27. இந்த அளவுகோல்களும் எல்லா இடத்திலும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படவில்லை. வழக்கு நிலுவையில் இருந்த சிலர் சீருடையிலேயே தொடர்ந்தார்கள். ஆனாலும் 2005-ஐவிட இது எவ்வளவோ நேர்மையான முறை.

2011 செப்டம்பரில் குடியரசுத் தலைவரும் பிரதமரும் பணிக்குழுத் தலைவர் அமீரா ஹக்கும் சேர்ந்து ஒரு மாற்றத் திட்டத்தில் கையெழுத்திட்டார்கள். எந்த வேலை யாரிடம் எப்போது போகும் என்று டிலியிலேயே உட்கார்ந்து எழுதியது அது. 2012 பிப்ரவரி 23-இன் தீர்மானம் 2037, அந்த ஆண்டின் தேர்தல்கள் முடியும்வரை இடம் கொடுத்து, டிசம்பர் 31 என்று கெடு குறித்தது. குடியரசுத் தலைவர் தேர்தல் இரண்டு சுற்று, ஜூலையில் நாடாளுமன்றத் தேர்தல், மூன்றும் பெரிய அசம்பாவிதம் இல்லாமல் நடந்தன. இன்னும் இருங்கள் என்று திமோர் அரசு கேட்கவில்லை. வேறொரு சிறிய அலுவலகமும் வேண்டாம் என்றது.

அதே ஆண்டு பிப்ரவரியில் திமோர் ராணுவத்தின் பொறியாளர்கள் பன்னிரண்டு பேர் போர்ச்சுகல் பிரிவோடு சேர்ந்து, ஐ.நா. அமைதிப்படையினராக லெபனானுக்குப் போனார்கள். அந்தப் படையின் கெடு ஒவ்வொரு ஆகஸ்டிலும் நீட்டப்பட்டு வந்தது.