பெயர் சுட்டாத பிரிவு: டாலி பார்ட்டன் பாடலொன்றின் வெற்றி குறித்து

1992 நவம்பரில் விட்னி ஹூஸ்டனின் குரலில் வெளிவந்த ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. அது இடம்பெற்ற ‘தி பாடிகார்ட்’ பட இசைத்தொகுப்பு உலகெங்கும் 4 கோடிக்கு மேல் விற்றது. ஹூஸ்டனின் குரல்வளமும் படத்தின் வீச்சுமே இதற்குக் காரணம் என்பது பொதுக்கருத்து. அவற்றின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆயினும் பாடலின் முந்தைய இருபதாண்டு வரலாற்றையும் சேர்த்து நோக்கினால், பிரிவோர் யார், ஏன் பிரிகின்றனர் என்பதைச் சொல்லாமல் விட்ட அதன் ஆக்கமுறையே வெற்றிக்கு அடித்தளம் என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

பாடலின் பிறப்பே இதற்கு முதற்சான்று. கன்ட்ரி இசைப் பாடகி டாலி பார்ட்டன் 1967இல் போர்ட்டர் வேகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சேர்ந்து புகழ் பெற்றவர். பின்னர் தனித்து இயங்க விரும்பியபோது வேகனர் இசையவில்லை. வாதிட்டுப் பயனில்லாத நிலையில் 1973இல் இப்பாடலை எழுதி அவரிடமே பாடிக் காட்டினார். ஆக, உலகம் காதற்பாடலாகக் கொண்டாடும் இது, தொழிலுறவு ஒன்றின் முடிவில் எழுந்தது. ஆனால் நிகழ்ச்சியோ ஒப்பந்தமோ மனக்கசப்போ பாடலில் தலைகாட்டவில்லை. தன் இருப்பு மற்றவருக்கு இடையூறாகும் என்று உணர்ந்து விலகும் ஒருவரின் நிலையும், அவர் கூறும் வாழ்த்துமே எஞ்சுகின்றன. அகப்பாடலில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியம் விதித்ததன் பயனை இங்கும் காணலாம்: பெயரும் காரணமும் நீங்கியதும் ஒருவரின் பிரிவு எவருக்கும் உரியதாகிறது.

அது எவருக்கும் உரியதானதைப் பிந்தைய வரலாறு மெய்ப்பிக்கிறது. 1974இல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற்ற பாடலை, 1982இல் ஒரு திரைப்படத்துக்காகப் பார்ட்டன் மீண்டும் பதிவுசெய்தார்; மீண்டும் அதே முதலிடம். ‘தி பாடிகார்ட்’ படத்துக்கு முதலில் கருதப்பட்டது வேறொரு பழைய பாடல். அது இன்னொரு படத்தில் இடம்பெற்றுவிட்டதால், நாயகன் கெவின் காஸ்ட்னர் இதைப் பரிந்துரைத்தார். பாடகியும் அவளுடைய மெய்க்காவலனும் பிரியும் கதைக்கு அது எழுதி வைத்தாற்போல் பொருந்தியது. 2012இல் ஹூஸ்டனின் இறுதிச் சடங்கில் அவருடைய உடல் வெளியே கொண்டுசெல்லப்பட்டபோதும் ஒலித்தது அவர் பாடிய இப்பதிவே.

அடித்தளம் சொல்லமைப்புத்தான் என்றால், கன்ட்ரி இசையின் எல்லையைக் கடந்து இந்த அளவுக்குப் பரவ 1992 வரை காத்திருந்தது ஏன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பக்கவாத்தியமின்றித் தனிக்குரலில் தொடங்குதல், இறுதியில் ஒரு கணம் நிறுத்திச் சுருதியை உயர்த்துதல் ஆகிய உத்திகள் இல்லாமல் அப்பரவல் நிகழ்ந்திராது. ஆனால் அந்த உச்சம் எதன்மேல் நிற்கிறது? தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் முதலில் பின்பற்றியது பாடகி லிண்டா ரான்ஸ்டாட் 1975இல் வெளியிட்ட வடிவத்தை. அதில் கடைசிச் சரணம் இல்லை. பார்ட்டன் அதைச் சுட்டிக்காட்டிய பிறகே அச்சரணம் சேர்ந்தது. மற்றவர் வாழ்வு நலமாக அமையட்டும் என்று வாழ்த்தும் பகுதி அது. வாழ்த்து முடிந்த பின் சுருதி உயர்வதால்தான் பல்லவி முறையீடாக ஒலிக்காமல் பெருந்தன்மையாக ஒலிக்கிறது. குரலின் உச்சத்துக்குப் பொருள் தந்தது சொல்லே.

பொதுப்படையான காதற்பாடல்கள் எண்ணற்றவை. அவையெல்லாம் ஏன் வெல்லவில்லை என்பது இன்னொரு மறுப்பு. பொதுமை வேறு, தெளிவின்மை வேறு என்பதே விடை. இப்பாடல் காரணத்தை மறைக்கிறதே தவிர, மனநிலையை மறைக்கவில்லை: பாடுபவர் பிரிவதில் உறுதியாக இருக்கிறார், பழிக்கவில்லை, அன்பைக் கைவிடவும் இல்லை. திருமணங்களில்கூட இது ஒலிப்பதைக் காட்டி, கேட்போர் சொல்லைப் பொருட்படுத்துவதே இல்லை என்று வாதிடுவோர் உண்டு. பிரிவுக்குக் குற்றமோ துரோகமோ காரணமாகக் கூறப்பட்டிருந்தால், பல்லவியை மட்டும் எடுத்துக்கொள்ளும் அந்த உரிமை கேட்போருக்கு வாய்த்திராது. புகழ்பெற்ற குரலொன்றை நம்பிப் பாடல் நிற்கவில்லை என்பதற்கும் சான்று உண்டு. எல்விஸ் பிரெஸ்லி இதைப் பாட விரும்பியபோது, அவருடைய மேலாளர் டாம் பார்க்கர் வெளியீட்டு உரிமையில் பாதியைக் கேட்டார், பார்ட்டன் மறுத்துவிட்டார். எல்விஸ் பாடாமலே பாடல் வளர்ந்தது. ஹூஸ்டனின் குரல் 1992ஐ விளக்கும். 1974ஐயும் 1982ஐயும் விளக்க, எழுதியவரின் கலையைத்தான் நாட வேண்டும்.