வியர்வையும் பனியுருண்டையும்

1987 நவம்பரில் நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனட் குழு ஒன்றின் முன் பூமி சூடாகி வருவதைப் பற்றிச் சாட்சி சொன்னார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. குளிர்ல உட்கார்ந்து வெப்பத்தைப் பத்திப் பேசினா யார் காதுல ஏறும்? 1988 ஜூன் 23 அன்று அதே பேச்சை மறுபடி எடுத்தார், இந்த முறை 99 சதவீத உறுதியோடு. மறுநாள் நியூயார்க் டைம்ஸில் அது முதல் பக்கச் செய்தி.

அன்று வாஷிங்டனில் 98 டிகிரி ஃபாரன்ஹீட். 'இதெல்லாம் ஒரு வெயிலா' என்று நம்மூர்க்காரர்கள் கேட்கலாம். ஆனால் அந்த வருடம் அங்கே கடும் வறட்சி. பயிர்கள் கருகின; மிசிசிப்பி ஆற்றில் சரக்குப் படகுகள் தரைதட்டி நின்றன. கூட்ட அறையின் ஜன்னல்களை முந்தைய இரவே திறந்துவைத்து ஏ.சி.யைச் செயலிழக்கச் செய்தார்கள் என்றொரு கதைகூட உண்டு. அதைச் சொல்லிவந்த செனட்டர் டிம் விர்த், பின்னாளில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் அந்தக் கதை இத்தனை நாள் ஓடியதில் எனக்கு ஆச்சரியமில்லை. சாட்சியத்தில் பாதியை வெயில்தான் சொன்னது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த ஆகஸ்டிலேயே அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் புஷ், பசுமை இல்ல விளைவை 'வெள்ளை மாளிகை விளைவு' சமாளிக்கும் என்று முழங்கினார். வெயில் தணிந்தது, மழையும் வந்தது. கட்டாய உமிழ்வுக் குறைப்புச் சட்டம் மட்டும் வரவில்லை. 1997இல், வளரும் நாடுகளுக்கு விலக்கு தரும் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது என்று அதே செனட் 95–0 எனத் தீர்மானம் போட்டது. 2015 பிப்ரவரியில் செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் ஒரு பனியுருண்டையோடு அவைக்குள் வந்து, 'வெளியே எவ்வளவு குளிர் பாருங்கள்' என்கிற தொனியில் பேசினார். அதற்கு முந்தைய 2014தான் அதுவரை பதிவானதிலேயே உலகின் வெப்பமான ஆண்டு.

வியர்வையை ஆதாரமாக ஏற்றுக்கொண்டால் பனியுருண்டையையும் ஏற்கத்தான் வேண்டியிருக்கும். தோல் நம்பவைப்பது ஒரு பருவத்துக்குத்தான். அதற்குள் எதையாவது சட்டமாக்கிவிட வேண்டும் என்பதே 1988இல் இருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2003இல் தமிழ்நாடு தண்ணீருக்குத் தவித்த நேரத்தில், எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. 'இப்போ எதுக்கு இந்தச் செலவு' என்று முணுமுணுத்துக்கொண்டே ஜனங்கள் குழி தோண்டினார்கள். பிறகு நல்ல மழை பெய்தது; முணுமுணுப்பும் பயமும் சேர்ந்தே மறந்துபோயின. பல வீடுகளில் குழாய் தூர்ந்து கிடக்கலாம். ஆனால் சுவரில் அது இன்னும் இருக்கிறது.