எம்டன் குண்டும் முறிந்த வாக்கும்



கெட்டிக்காரனான ஒருவனை 'சரியான எம்டன்' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சென்னைத் துறைமுகத்தின் வழியாகத்தான் அச்சொல் தமிழுக்குள் நுழைந்தது.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில் ஜெர்மனியின் 'எம்டன்' போர்க்கப்பல் சென்னைக் கடற்கரையை நெருங்கியது. கார்ல் ஃபொன் முல்லர் அதன் தலைவர். உலகப்போர் தொடங்கி இரண்டு மாதங்கூட ஆகவில்லை. நகரில் விளக்குகள் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தன. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்மீது 100க்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. ஏறத்தாழ பத்து நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. கப்பல் இருளில் மறைந்தது.

உயிரிழந்தோர் சிலரே. எண்ணெய் நட்டமும் ஆங்கிலேயருக்குப் பெரிதல்ல. ஆனால் கடல் முழுவதும் தங்கள் ஆணைக்கு அடங்கியது என்று சொல்லி வந்தவர்களின் கண்ணெதிரே, தனியொரு கப்பல் வந்து சுட்டுவிட்டுப் பத்திரமாகத் திரும்பிவிட்டதே! ராயபுரம், மண்ணடி என்று துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்த மக்கள் அதைத்தான் கண்டார்கள். அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் ரயிலிலும் வண்டியிலும் கால்நடையாகவும் நகரை விட்டு வெளியேறினர். (செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் வந்தார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள், அதற்குத் தக்க ஆதாரம் இல்லை.)

எனினும் அந்த அச்சம் விரைவிலேயே நீங்கியது. நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான 'சிட்னி' எம்டனை வீழ்த்தியது. வெளியேறியவர்கள் திரும்பினர். ஆங்கிலேயரின் வலிமை பழையபடி நம்பப்பட்டது. ஆனால், திரும்பப் பெற முடியாத வேறொன்றை அவர்கள் அதே போரில் இழந்தார்கள். நம்மவர்கள் அதிகம் பேசாத அந்தப் பகுதிக்கு இப்போது வருவோம்.

ரோமப் பேரரசர் ஹிர்கல், வியாபாரத்திற்காக ஷாம் தேசம் வந்திருந்த அபூஸுஃப்யானை அழைத்து நபி (ஸல்) அவர்களைப் பற்றி விசாரித்த செய்தி புகாரீயில் உண்டு. அன்று அபூஸுஃப்யான் இஸ்லாத்தின் எதிரி. பேரரசர் கேட்ட கேள்விகளில் ஒன்று, அவர் உடன்படிக்கையை மீறுவாரா என்பது. இல்லை என்றே அந்த எதிரியும் பதிலளிக்க வேண்டியிருந்தது. வெளியாரான ஒருவர் ஒரு சமூகத்தை எடைபோட எதைக் கேட்டார் என்பதைக் கவனியுங்கள்.

எம்டன் வந்துபோன 41ஆம் நாள், அதாவது நவம்பர் 2 அன்று, பிரிட்டிஷ் இந்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. துருக்கியுடன் போர் மூண்டிருந்த நேரம் அது. அரபு நாட்டின் புனிதத் தலங்களும் இராக்கின் புனித இடங்களும் ஜித்தா துறைமுகமும் தாக்கப்படமாட்டா. ஹஜ் பயணிகளுக்கு இடையூறு நேராத வரையில் இது பொருந்தும் என்பது அதன் சாரம். 1918 ஜனவரி 5 அன்று பிரதமர் லாயிட் ஜார்ஜ், துருக்கியரின் தலைநகரையோ துருக்கியர் பெரும்பான்மையாக வாழும் ஆசியா மைனர், திரேஸ் நிலங்களையோ பறிப்பதற்காகத் தாம் போரிடவில்லை என்றார். முஸ்லிம் சிப்பாய்கள் பலர் இராக்கில் ஆங்கிலேயர் பக்கம் நின்று துருக்கியருக்கு எதிராகப் போரிட்ட காலம் அது. தம் கலீஃபாவின் படைக்கு எதிரே துப்பாக்கி ஏந்தி நின்றவர்களின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். அவர்கள் குடும்பத்தார் ஆறுதல் தேட அந்த வாக்குறுதிகளே இருந்தன.

போர் முடிந்தது. 1920 ஆகஸ்ட் 10 அன்று செவ்ரே உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கிழக்குத் திரேஸ் கிரேக்கர்களுக்குப் போயிற்று. இஸ்மிர் பகுதியின் நிர்வாகமும் அவர்களிடமே தரப்பட்டது. இஸ்தான்பூல் பெயரளவில் சுல்தானுக்கு விடப்பட்டாலும் அங்கே நேசநாட்டுப் படைகள் அமர்ந்திருந்தன.

இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 12 அன்று, காந்தியடிகளும் மவ்லானா ஷவ்கத் அலீயும் சென்னையில் இருந்தனர். மாநிலக் கல்லூரிக்கு எதிரேயுள்ள கடற்கரையில் கூடிய மக்களிடம் கிலாஃபத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சொல்லி ஒத்துழையாமைக்கு அழைப்பு விடுத்தார் காந்தியடிகள். அரசின் சட்டத்துக்கும் நீதிக்கும் நெடுங்காலம் மதிப்பளித்துப் பழகிய குடும்பங்கள் கிலாஃபத் இயக்கத்துக்குள் வந்தன. சென்னையின் யாகூப் ஹசன் சேட் 1921 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் கைதாகிச் சிறை சென்றார்.

எம்டன் குண்டு வீசிய அதே சென்னைக்கு 1922 ஜனவரி 13 அன்று இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் வந்தார். அவரை வரவேற்க அரசு பெரும் ஏற்பாடுகள் செய்திருந்தது. ஊரில் கடைகள் அடைக்கப்பட்டிருந்தன.