மேற்கோள்

மேல் + கோள் = மேற்கோள். 'கொள்' என்னும் வினையின் முதனிலை நீண்டு 'கோள்' ஆனது. முதனிலை திரிந்த தொழிற்பெயர்.

1. நிறுவ எடுத்துக்கொண்ட கருத்து. மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்ற வரிசை உண்டு. அங்கே மேற்கோள் சான்று அன்று. சான்றால் நிறுவப்பட வேண்டிய துணிபு.

2. பிறர் நூலிலிருந்து எடுத்தாளும் பகுதி. இன்று பெருவழக்கு இதுவே.

உரையாசிரியர்கள் பிற நூல் அடிகளைத் தாராளமாக எடுத்தாண்டனர். ஆனால் பல இடங்களில் நூற்பெயர் சொல்லாமல் 'என்றார் பிறரும்' என்று முடித்தனர். சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த (1887) உ.வே.சாமிநாதையர், அதன் நச்சினார்க்கினியர் உரையில் வரும் அத்தகைய அடிகளின் மூலநூல்களைத் தேடி அலைந்தார். அத்தேடல் அவரைச் சங்க நூல்களிடம் கொண்டுசேர்த்தது.

கல்லூரி ஆய்வுக் கட்டுரை பத்துப் பக்கமே ஆனாலும் 'பிறரும்' போதாது. பிறர் சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டு, ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் தர வேண்டும். சொந்த நடையில் சுருக்கி எழுதினாலும் கருத்து பிறருடையது என்றால் அடிக்குறிப்பு தேவை.

மேற்கோளின் இரு பொருளும் ஆய்வுக் கட்டுரையில் ஒன்றையொன்று தாங்கும்: முதல் மேற்கோள் மாணவருடையது, இரண்டாவது அதற்கான சான்று.